செவர்லே சி10: ஸ்டீயரிங் கியரை ஃப்ளோர் கியராக மாற்றிய பின் வரும் கோளாறுகள்

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் வந்த செவர்லே சி10 பிக்கப்பிலும், அதே உடம்போடு வந்த அதன் சகோதர பிராண்டான ஜிஎம்சியிலும், மூன்று கியர் பெட்டி என்றால் கியர் லிவர் பெரும்பாலும் ஸ்டீயரிங் தண்டில்தான் இருக்கும். செவர்லே பிக்கப்புகளில் இந்த ஏற்பாடு 1948 மாடலில் தொடங்கியது. இத்தனை காலம் ஓடிய வண்டியில் தண்டின் அடியிலுள்ள லிவர்களின் புஷ் (ஓட்டைக்குள் அமரும் சிறு வளையம்) தேய்ந்து, ராடு நுழையும் வட்ட ஓட்டை நீண்டு போயிருக்கும். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வழியில் கியர் சிக்கிக்கொள்ளும். ஃப்ளோர் ஷிஃப்டர், அதாவது தரையிலிருந்து நிற்கும் கியர் குச்சி, வாங்கிப் போடலாம் என்று பலர் இறங்குவது அப்போதுதான். சிக்கல் அது ஒன்றுதான் என்றால், புது புஷ் போட்டு ராடுகளை அளவாக வைத்தாலே ஸ்டீயரிங் கியர் சரியாகிவிடும். மாற்றியே தீருவது என்று மாற்றியவர்களுக்கும், மாற்றியபின் கியர் சரியாக விழாமல் தவிப்பவர்களுக்கும் கீழே உள்ளவை.

இங்கே பேசுவது, வண்டியோடு வந்த சாகினா வகை மூன்று கியர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, ஹர்ஸ்ட் நிறுவனத்தினது போன்ற இரண்டு ராடு ஷிஃப்டரைப் பொருத்திய வண்டிகளைப் பற்றி. எஸ்எம்465 நான்கு கியர் பெட்டியையே தூக்கி வைத்தவர்களுக்கு இந்தக் கோளாறுகளில் பாதி வராது. அதில் குச்சி பெட்டியின் மூடியிலேயே நிற்கிறது, வெளியே ராடு கிடையாது.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு சோதனை

பெட்டியின் இடது பக்கத்தில், அதாவது ஓட்டுநர் பக்கத்தில், சைடு கவரிலிருந்து இரண்டு கைகள் (உலோக லிவர்கள்) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முன்கை இரண்டு, மூன்றாம் கியர்களுக்கு. பின்கை ஒன்றுக்கும் ரிவர்ஸுக்கும். இரண்டுக்கும் நடுநிலை உண்டு, அந்த இடத்தில் டிடென்ட் (நிலையைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் ஏற்பாடு) 'டக்' என்று பிடிப்பது விரலில் தெரியும்.

பின் சக்கரங்களைத் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். வெறும் ஜாக்கை நம்பிக் கீழே போக வேண்டாம். எஞ்சின் அணைந்திருக்கட்டும். இரண்டு ராடுகளின் கிளிப்பையும் கழற்றி, ராடுகளைக் கைகளிலிருந்து விடுவியுங்கள். இனி கையாலேயே முன்கையை முன்னும் பின்னும் தள்ளுங்கள். பிறகு அதை நடுவில் நிறுத்திவிட்டுப் பின்கையைத் தள்ளுங்கள். ஒருவர் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை மெல்ல அசைத்துக் கொடுத்தால் பற்கள் எளிதாக இறங்கும்.

நான்கு நிலைகளும் சுத்தமாக விழுந்தால் பெட்டியில் குறையில்லை, கோளாறு ராடிலோ ஷிஃப்டரிலோ இருக்கிறது. கையால் தள்ளியும் விழவில்லை என்றால் ஷிஃப்டரைத் தொட்டுப் பயனில்லை, சைடு கவரைத் திறக்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் ராடுகளை மாற்றி மாற்றி முறுக்குவதால்தான் நாள் கணக்கில் நேரம் வீணாகிறது. ஷிஃப்டர் மாற்றிய வண்டிகளில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குக் காரணம் ஒன்றே ஒன்று. ஷிஃப்டரின் நியூட்ரலும் பெட்டியின் நியூட்ரலும் ஒரே இடத்தில் இல்லை.

கியர் இடம் மாறி விழுகிறது

ஒன்று போட்டால் வண்டி பின்னால் போகிறது, இரண்டு போட்டால் மூன்று விழுகிறது. இது ஆபத்தான கோளாறு. ஷிஃப்டர் பொருத்தியதும் சக்கரம் தரையில் இருக்கும்போது முதல் சோதனை செய்யவே கூடாது.

ஃப்ளோர் ஷிஃப்டரில் இடது மேல் ரிவர்ஸ், இடது கீழ் ஒன்று, வலது மேல் இரண்டு, வலது கீழ் மூன்று. தலைகீழாக விழும் வகை இரண்டு உண்டு. ஒவ்வொரு ஜோடிக்குள்ளும் மேல் கீழ் மாறி விழுந்தால், பெட்டியின் கை திரும்பியிருக்கிறது என்று பொருள். ஸ்டீயரிங் கியருக்கு வந்த கை கீழ்நோக்கி இருந்து, புது ஷிஃப்டர் மேல்நோக்கிய கையை எதிர்பார்த்தால், ராடு முன்னால் தள்ளும்போது உள்ளே உள்ள தண்டு எதிர்த்திசையில் சுழலும். ஷிஃப்டரோடு வந்த கைகளையே, அதன் விளக்கத்தாள் சொல்லும் திசையில் மாட்டுங்கள். பழைய கைகளை மிச்சப்படுத்தப் பார்க்க வேண்டாம். இடது ஜோடி வலதுக்கும் வலது ஜோடி இடதுக்கும் மாறியிருந்தால் காரணம் எளிது, இரண்டு ராடுகளும் கை மாறி மாட்டப்பட்டிருக்கின்றன.

எந்த நிலை எந்தக் கியர் என்று எஞ்சினை ஓட்டாமலே கண்டுபிடிக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் கப்பியைக் கையால் சுற்றுங்கள். கப்பி ஒரு சுற்றுக்கு ஷாஃப்டும் ஒரு சுற்று வந்தால் மூன்றாம் கியர். ஷாஃப்ட் ஒரு சுற்று வர கப்பி ஒன்றரைச் சுற்றோ சற்றுக் கூடவோ கேட்டால் இரண்டு. இரண்டரை முதல் மூன்று சுற்றுவரை கேட்டால் ஒன்று. ஷாஃப்ட் எதிர்ப்பக்கம் சுற்றினால் ரிவர்ஸ். சாக்பீஸால் ஷாஃப்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணுவது எளிது.

நடுவில் குறுக்கே போகமாட்டேன் என்கிறது

ஒன்று விழுகிறது, ரிவர்ஸ் விழுகிறது, ஆனால் நடுவுக்கு வந்து வலப்பக்கம் தள்ளினால் குச்சி முட்டி நிற்கிறது. அல்லது ஒரு தடவை போகிறது, மறு தடவை சிக்குகிறது. இதற்காகக் குச்சியைப் பலமாக அடிப்பவர்கள் ஷிஃப்டரின் உள் நாக்கை வளைத்துவிடுகிறார்கள்.

ஷிஃப்டருக்குள் இரண்டு லிவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. குச்சியின் அடிநாக்கு ஒன்றின் பள்ளத்திலிருந்து மற்றதன் பள்ளத்துக்கு நகர வேண்டுமானால் இரண்டு பள்ளமும் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் ஷிஃப்டர் சட்டத்தில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். ஹர்ஸ்ட் வகைகளில் அது 1/4 இன்ச். டிரில் பிட்டின் பல் இல்லாத வால்பக்கமே போதும்.

செய்யும் முறை இப்படி. பெட்டியின் இரண்டு கைகளையும் கையால் நடுநிலைக்குக் கொண்டுவந்து, ஷாஃப்ட் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். குச்சியை நடுவில் வைத்து 1/4 இன்ச் பின்னைச் சட்டத்தின் வழியாக இரண்டு லிவர்களையும் கடந்து மறுபக்கம் வரும்வரை செருகுங்கள். அந்தப் பின் (ஊசி) நுழைந்த நிலையில், ஒவ்வொரு ராடின் மரை முனையில் ஓடும் பட்டனைச் சுற்றி நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ, பட்டன் அதன் ஓட்டைக்குள் தானாக இறங்கும்படி வையுங்கள். தானாக என்பதுதான் முக்கியம். இரண்டு விரலால் பிடித்து விட்டால் அது சறுக்கி உள்ளே போக வேண்டும். பெட்டியின் கையை ஒரு நூல் அளவு இழுத்துப் பிடித்தால்தான் நுழைகிறது என்றால் பட்டனை இன்னும் அரைச் சுற்று சுற்றுங்கள். அந்த நூல் அளவு இழுவைதான் பிறகு சாலையில் சிக்கலாக வருகிறது. இரண்டு ராடும் அப்படி அமர்ந்தபின் கிளிப் போட்டு, பின்னை வெளியே இழுத்துப் பாருங்கள். அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கி வர வேண்டும். மறுபடி செருகினாலும் அப்படியே போக வேண்டும்.

அந்தப் பின் சரியாக நுழைந்தும் குறுக்கே போகவில்லை என்றால் பெட்டியின் கைகளைப் பாருங்கள். கை அதன் தண்டின் தட்டையான பக்கங்களில் அமர்ந்து நட்டால் இறுகியிருக்கும். நட்டு தளர்ந்து சில காலம் ஓடியிருந்தால் தட்டைப் பக்கம் மழுங்கியிருக்கும். கையை அசைத்தால் கை மட்டும் ஆடும், தண்டு நிற்கும். அந்த நிலையில் எத்தனை அளவு வைத்தாலும் நியூட்ரல் ஓர் இடத்தில் நிற்காது. கையை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இரண்டு கியர் ஒன்றாக விழுந்து வண்டி பூட்டிக்கொள்கிறது

கிளட்சை விட்டால் எஞ்சின் அணைகிறது, வண்டி முன்னும் போகாது பின்னும் போகாது. குச்சி மட்டும் நியூட்ரல் போலத் தளர்வாக ஆடும். ஒரு ஜோடியின் கை கியரிலேயே தங்கிவிட, நாக்கு அடுத்த ஜோடிக்குத் தாவியிருக்கிறது.

சாலையில் நின்றால்: எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கீழே கையை நுழைத்துப் பெட்டியின் இரண்டு கைகளையும் நடுவுக்குத் தள்ளுங்கள். கை அசைய மறுத்தால் ஷாஃப்டில் இறுக்கம் இருக்கிறது. ஒருவர் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்க, வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் ஆட்டினால் இளகும். வீட்டுக்கு வந்ததும் மேலே சொன்ன நியூட்ரல் பின் சோதனையைச் செய்யுங்கள். அது சரியாக இருந்தும் மறுபடி பூட்டிக்கொண்டால் சைடு கவரைத் திறந்து உள்ளே உள்ள டிடென்ட் கேம்களையும் அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஒரு ஜோடி கியரில் இருக்கும்போது மற்ற ஜோடி நகராமல் தடுப்பது இவற்றின் வேலை. ஸ்டீயரிங் கியர் காலத்திலேயே பலமுறை பூட்டிக்கொண்ட வண்டி என்றால் இவை தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சாகினா சைடு கவரில் 7 போல்ட். கவரைத் திரும்ப மாட்டும்போது இரண்டு கைகளும் நியூட்ரலில் இருக்கட்டும், ஷிஃப்ட் ஃபோர்க்குகள் (கியரை நகர்த்தும் கவைகள்) ஸ்லீவின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தபின் போல்ட் போடுங்கள்.

ஓடும்போது கியர் கழன்று நியூட்ரலுக்கு வருகிறது

இதற்குக் காரணங்கள் பல, வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், கியர் முழுசாக விழுகிறதா? சக்கரம் தூக்கிய நிலையில் குச்சியை மூன்றில் போட்டு, கீழே போய் ராடைக் கழற்றி, பெட்டியின் கையை அதே திசையில் இன்னும் தள்ளிப் பாருங்கள். கை மேலும் நகர்ந்து 'டக்' என்று உட்கார்ந்தால் ஷிஃப்டர் பாதி தூரம்தான் தள்ளியிருக்கிறது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். பெட்டியின் கை அளவுக்கு மேல் நீளம், அதனால் ஷிஃப்டர் தன் எல்லைக்கு வந்தும் தண்டு போதுமான அளவு சுழலவில்லை. அல்லது ஷிஃப்டரின் ஸ்டாப் போல்ட் முன்கூட்டியே முட்டுகிறது. அல்லது குச்சி சீட்டிலோ தரைத் தகட்டின் விளிம்பிலோ இடிக்கிறது. ஸ்டாப் போல்ட்டை முழுக்கப் பின்வாங்கி, கியரை முழுசாக விழவைத்து, அதற்குப் பிறகே போல்ட் தொடும்படி வைத்து லாக் நட்டை இறுக்குங்கள். ஸ்டாப் இல்லாமல் விட்டுவிடவும் கூடாது. அப்படி விட்டால் ஒவ்வொரு தடவை குச்சியை அடிக்கும் விசையும் உள்ளே ஷிஃப்ட் ஃபோர்க்கின் மேல் விழும்.

அடுத்து, ஷிஃப்டர் எதில் நிற்கிறது? பெட்டியிலோ அதன் வால்கூட்டிலோ (பெட்டியின் பின்பக்க நீட்டிப்பு) நிற்க வேண்டும். தரைத் தகட்டில் போல்ட் போட்டிருந்தால் கியர் கழல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சினின் இடது பக்கம் மேலே தூக்கும், பெட்டியும் கூடவே திரும்பும். கேபினோ அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ராடுதான் அந்த வித்தியாசத்தை வாங்கி, கையைக் கியரிலிருந்து இழுத்துவிடுகிறது. வண்டி மேடு ஏறும்போதும், சுமையோடு இழுக்கும்போதும் மட்டும் கியர் கழல்கிறது என்றால் இதையும், இடது எஞ்சின் மவுண்ட் ரப்பர் பிய்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்டீயரிங் கியருக்காக வந்த வால்கூடுகள் சிலவற்றில் ஷிஃப்டருக்கான போல்ட் மேடை இராது. அதற்குக் கவ்வித் தகடு போடும் ஏற்பாடு உண்டு. மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த மவுண்ட் வேண்டாம். கை விரலால் ஷிஃப்டர் சட்டத்தை ஆட்டினால் அது துளியும் அசையக் கூடாது.

மூன்றாம் கியர் மட்டும் கழன்றால் பெட்டியைக் கிளட்ச் கூட்டோடு சேர்க்கும் நான்கு போல்ட்களையும் இறுக்கிப் பாருங்கள். அங்கே தளர்வோ, இரண்டு முகங்களுக்கும் நடுவில் அழுக்கோ இருந்தால் உள்வரும் ஷாஃப்ட் கோணலாக ஓடும், மூன்று தானாக வெளியே வரும். அவையும் சரி, மாற்றத்துக்கு முன்பே இந்தக் குறை இருந்தது என்றால், சின்க்ரோவும் (பல் உரசாமல் கியர் விழ உதவும் வளையம்) பேரிங்கும் தேய்ந்த பெட்டி அது. ஷிஃப்டர் அதைச் சரிசெய்யாது.

கியர் போடும்போது கரகரவென்று பல் உரசுகிறது

ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது, ஆகவே அதையே சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஐட்லில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து, மெதுவாகப் பத்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் முழுசாக விடவில்லை. காத்திருந்து போட்டால் சத்தமில்லை, உடனே போட்டால் மட்டும் உரசுகிறது என்றால் அது ரிவர்ஸின் இயல்பு, கோளாறு அல்ல.

கிளட்ச் விடவில்லை என்றால் பெடலின் வெற்றோட்டத்தை, அதாவது கிளட்ச் இயங்கத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, அளந்து பாருங்கள். இந்த வண்டிகளில் 3/4 முதல் 1 இன்ச் வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மிதியின் பெரும்பகுதி வீணாகிறது. வெற்றோட்டமே இல்லையென்றால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் சுற்றித் தேயும். அளவு மாற்றத்துக்கு முன் சரியாக இருந்து, ஷிஃப்டர் போட்டபின் கெட்டது என்றால் காரணம் அநேகமாகப் புது ராடுதான். கிளட்ச் ஃபோர்க்கும் அதைத் தள்ளும் ராடும் குறுக்குத் தண்டும் இதே இடது பக்கத்தில் இருக்கின்றன. ஒருவர் பெடலை மிதித்து விட, இன்னொருவர் கீழிருந்து பார்த்தால், எந்த இடத்தில் கியர் ராடு கிளட்ச் ராடைத் தொடுகிறது என்பது தெரியும். தொடும் இடத்தில் துரு நீங்கி, ஒரு கோடு மட்டும் வெள்ளிபோலப் பளபளக்கும். எல்லாக் கியரிலும் ஒரு விரல் கனமாவது இடைவெளி வரும்படி ராடை வளைத்துக்கொள்ளுங்கள். வளைத்தபின் நியூட்ரல் பின் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், ஏனென்றால் வளைத்த ராடின் நீளம் குறைந்துவிடும்.

இரண்டிலோ மூன்றிலோ உரசுவது சின்க்ரோ வேலை. பெட்டியில் ஜிஎல்-4 தரத்து 80டபிள்யூ-90 எண்ணெய் இருக்கட்டும். சிலவகை ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

குச்சி சீட்டில் இடிக்கிறது, டாஷில் இடிக்கிறது

முழு நீள பெஞ்ச் சீட் உள்ள வண்டியில் ஒன்றும் மூன்றும் சீட்டின் விளிம்பில் இடிக்கும். தீர்வு குச்சியை மாற்றுவது, அல்லது வளைப்பது. சீட்டை முன்னுக்குக் கடைசிவரை இழுத்து வைத்து நான்கு கியரிலும் இடைவெளியை அளந்த பிறகே வளையுங்கள். பிடிக்கும் இடம் போல்ட் ஓட்டைகளுக்கும் மரைக்கும் விலகி இருக்கட்டும். நீண்ட குச்சிதான் அழகு என்று போட்டால் கை போகும் தூரமும் கூடும், இடிக்கும் வாய்ப்பும் கூடும். முடிந்தவரை குட்டையான குச்சியே இந்தக் கேபினுக்கு நல்லது.

தரையில் ஓட்டை போடுவது பற்றி ஓர் எச்சரிக்கை. இந்த வண்டிகளில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கிரைண்டர் பொறியும் கேஸ் வெல்டிங்கும் அங்கே வேண்டாம். கட்டாயம் தேவை என்றால் டாங்க்கைக் கழற்றி வெளியே எடுத்து வைத்த பிறகே. இல்லாவிட்டால் டிரில், தகடு வெட்டும் கத்தரி, அரம் போதும்.

கேபினில் சூடும் புகைநாற்றமும்

ஓட்டையை ஷிஃப்டருக்குத் தேவையான அளவைவிடப் பெரிதாக வெட்டி, மேலே ஒரு ரப்பர் உறையை மட்டும் கவிழ்த்தால் இது வரும். புகைநாற்றத்தைச் சின்னக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, நாற்றம் வரும் வழியில் அதுவும் வரும். உறையின் விளிம்புக்கு அடியில் ரப்பர் கேஸ்கெட் வைத்து, மேலே உலோக வளையம் வைத்து, சுற்றிலும் ஸ்க்ரூ போடுங்கள். பிறகு புகைக்குழாயின் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கைகளைச் சுற்றி எண்ணெய் கசிகிறது

கைகளைக் கழற்றி மாட்டியபோது தண்டின் சீல் அசைந்திருக்கும், மாற்றிவிடுங்கள். சைடு கவர் போல்ட்களின் இடத்தில் நீளமான போல்ட் போட்டு ஷிஃப்டர் தகட்டைத் தொங்கவிடும் மலிவு கிட்டுகளில் கசிவு இன்னும் சாதாரணம். குச்சியின் ஒவ்வொரு அசைவும் கவரை இழுக்கிறது. அந்த வகைத் தகட்டை எடுத்துவிட்டு வால்கூட்டில் நிற்கும் மவுண்டுக்கு மாறுவதே நிரந்தரத் தீர்வு.

குச்சி அதிர்கிறது, கீழே கலகலவென்று சத்தம்

குச்சியைக் கையால் பிடித்ததும் நின்றால் ராடு முனை புஷ். பிடித்தும் நிற்கவில்லை என்றால் ஏதோ ஒரு ராடு குறுக்குச் சட்டத்திலோ ஹேண்ட்பிரேக் கேபிளிலோ தட்டுகிறது. சத்தம் ஸ்டீயரிங் தண்டின் அடியிலிருந்து வந்தால், பழைய லிவர்கள் ராடு இல்லாமல் சும்மா ஆடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை முழுக்கப் பிடுங்கி எறியத் தோன்றும், செய்ய வேண்டாம். தண்டின் கீழ்ப் பேரிங் அந்தக் கூட்டோடு சேர்ந்தே அமர்ந்திருக்கிறது. எடுத்தால் ஸ்டீயரிங்கில் ஆட்டம் வரும். இரண்டு லிவரையும் நியூட்ரலில் சேர்த்து ஒரு போல்ட் போட்டுக் கட்டிவிடுங்கள். கேபினுக்குள் உள்ள கைப்பிடியை மட்டும் கழற்றி, அந்த ஓட்டைக்கு மூடி போட்டால் போதும். சி10இல் சாவி டாஷில் இருப்பதால் சாவிப் பூட்டுக்கும் கியருக்கும் தொடர்பு இல்லை, அந்தக் கவலை வேண்டாம்.

ரிவர்ஸ் விளக்கு எரிவதே இல்லை, அல்லது எப்போதும் எரிகிறது

அதற்கான ஸ்விட்ச் ஸ்டீயரிங் தண்டில், பழைய லிவரின் அசைவைப் பார்த்து வேலை செய்தது. லிவரை எந்த நிலையில் கட்டினீர்களோ அந்த நிலையிலேயே ஸ்விட்ச் நின்றுவிடும். புது ஷிஃப்டரின் ரிவர்ஸ் லிவர், ரிவர்ஸ் போடும்போது வந்து நிற்கும் இடத்தில், அழுத்தினால் மட்டும் இணைக்கும் சிறு ஸ்விட்ச் ஒன்றைத் தகட்டில் பொருத்தி, பழைய ஸ்விட்ச்சின் இரண்டு ஒயரையும் நீட்டி அதில் மாட்டுங்கள். ரிவர்ஸ் முழுசாக விழுந்தபின்தான் ஸ்விட்ச் அழுந்த வேண்டும். அதற்கு முன்பே அழுந்தினால் லிவர் தன் எல்லைக்குப் போகாமல் ஸ்விட்ச்சில் முட்டும், ரிவர்ஸ் கழலத் தொடங்கும். ஒயரைப் புகைக்குழாய்ப் பக்கம் கொண்டுபோகாமல் சட்டத்தின் மேல்விளிம்போடு கட்டிக் கொண்டுபோங்கள்.